சீல் இல்லாத கறி: சேலத்தில் இறைச்சியைச் சோதிக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

ஏற்காட்டில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குச் சேலம்தான் வர வேண்டும். கறிக்கடைகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் போன ஞாயிறு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

விடிகாலையில் வாங்கிவந்த ஆட்டு ஈரலை நறுக்கும்போது கத்தி வழுக்கியது. நெல்லிக்காய் அளவில் வெள்ளையாக ஒரு கட்டி. நுனி பட்டதும் தண்ணீர் பீய்ச்சியது. தங்கை மகள் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். போனில் படம் பார்த்துவிட்டு, "நாடாப்புழுவோட நீர்க்கட்டி மாதிரி இருக்கு பெரியம்மா, நாய்க்கு மட்டும் போட்டுடாதீங்க" என்றாள். கட்டியுள்ள ஈரலையோ நுரையீரலையோ தின்ற நாயின் குடலில் புழு வளருமாம். நாய்க் கழிவிலுள்ள முட்டை கீரை, தண்ணீர் வழியாக நமக்குள் போனால் நம் ஈரலிலும் இதே கட்டி வரும். தெரிவதற்கு வருடக்கணக்கில் ஆகும். கறிக்கடை வாசலில் நாய்கள் எதற்காகக் காத்து நிற்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை அந்த ஈரலைத் தூக்குவாளியில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவும் வாளி மடியில்தான். முதலில் போன அலுவலகத்தில் "இது எங்க வேலை இல்லைங்க" என்றார்கள். அடுத்ததில் "பில் இருக்கா?" என்றார்கள். எந்தக் கறிக்கடையில் ஐயா பில் தருகிறார்கள்? பணம் கட்டுகிறேன், சோதித்துக் கொடுங்கள் என்றேன். வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம் என்று 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. "சார் கேம்ப் போயிருக்கார்" என்று பதில் வந்தது. மதியம் இரண்டு மணிக்கு வாளியைத் திறந்தால் ஐஸ் மொத்தமும் கரைந்து, ஈரல் செந்தண்ணீரில் மிதந்தது. மறுபடி மலைக்கே கொண்டுவந்து, கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆடு அறுக்கும் இடத்தில் கால்நடை மருத்துவர் பார்த்து, சீல் வைத்த பிறகே கறி கடைக்கு வர வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். உரிமம் பெற்ற அறுவைக் கூடத்துக்கு வெளியே அறுக்கக் கூடாது என்றும், அறுக்குமுன் ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 உருப்படிக்கு மேல் பார்க்கக் கூடாது என்றும் 2001-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு (அறுவைக் கூட) விதிகள் சொல்கின்றன. ஞாயிறு விடிவதற்குள் சேலத்தில் எத்தனை ஆடு அறுபடுகிறது, எத்தனை மருத்துவர் நிற்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். உயிரோடு பார்த்தால் மட்டும் போதாது. அறுத்தபின் ஈரலையும் நுரையீரலையும் கையால் தடவிப் பார்த்தால்தான் இந்தக் கட்டி அகப்படும்.

என் மெஸ்ஸுக்கு வந்தால் பதிவு எண் எங்கே, தலைக்கு வலை எங்கே, தண்ணீர் ரிப்போர்ட் எங்கே என்று கேட்கிறீர்கள். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கொதிக்கிற குழம்புக்கு வரும் சோதனை, ரோட்டோரம் சாக்கடை மேல் பலகை போட்டு வெட்டுகிற இடத்துக்கு ஏன் வருவதில்லை? தப்பு நடந்தால் நோட்டீஸ் மட்டும் சமைத்தவளுக்கா?

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடி வரப்போகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சேலத்தில் கறி எடுக்காத வீடு குறைவு. அதற்குள் அறுக்கும் இடத்தில் மருத்துவரை நிறுத்துங்கள். சீல் இல்லாத கறியைக் கடையில் தொங்கவிடாதீர்கள். கழித்த ஈரலை நாய்க்குப் போகாமல் புதைக்க ஏற்பாடு செய்யுங்கள். தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டில் மெஸ் நடத்தும் ஒருத்தி