காதுக்கு இரண்டு வாரம் பொறுக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா தொற்றில் வரும் காது, மூக்கு, தொண்டைத் தொல்லைகள் பற்றி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாக எழுதியிருந்தார்கள், சந்தோஷம். ஆனால் கடைசியில் 'இவையெல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும், பொறுமையாக இருங்கள்' என்று மூன்று உறுப்புகளுக்கும் சேர்த்து ஒரே முடிவு சொல்லியிருந்தது எனக்கு உறுத்தியது. தொண்டைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். மற்ற இரண்டுக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். உப்புப் பகுப்பாய்வு சொல்லித்தரும் ஆசிரியைக்கு மூக்கும் ஒரு கருவிதான். 2021-ல் எனக்குத் தொற்று வந்தபோது காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. மூக்கு அடைக்கவே இல்லை, மூச்சு தாராளமாகப் போய் வந்தது. வாசனை மட்டும் அடியோடு போய்விட்டது. சளி பிடித்து மூக்கு அடைத்தால் வாசனை மங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இது அந்த வகை இல்லை.

செய்முறை வகுப்பு மறுபடி தொடங்கியபோதுதான் வித்தியாசம் சரியாகப் புரிந்தது. அம்மோனியம் உப்பில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியா வரும். அது வந்ததும் மூக்கில் சுரீரென்றது, கண் கலங்கியது. ஆனால் வாசனை என்று எதுவும் இல்லை. அந்த எரிச்சலை மூளைக்குக் கொண்டுபோவது முகத்துக்கான முப்பிரிவு நரம்பு. வாசனையைக் கொண்டுபோவது முகர்வு நரம்பு. முதலாவது வேலை செய்தது, இரண்டாவது செய்யவில்லை. அடுத்து சல்ஃபைடு உப்பில் அமிலம் ஊற்றினோம். வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்க, நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். 'மிஸ், உங்களுக்கு வரலையா?' என்று ஒரு மாணவி கேட்டாள். ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சுவாயு என்பதைப் பாடமாக நடத்துகிறவளே அதன் முன்னால் ஒன்றும் தெரியாமல் நிற்பது விளையாட்டு இல்லை. அன்றிலிருந்து ஆய்வக உதவியாளர் பக்கத்தில் இல்லாமல் அந்தச் சோதனையை நான் செய்வதில்லை.

சமையல் எரிவாயுவும் அப்படித்தான். அதற்கென்று வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். வாசனை போனவருக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேராது. அவர் வீட்டில் கசிவைக் காட்டும் கருவி வேண்டும், இல்லையென்றால் மூக்கு நன்றாக உள்ள இன்னொருவர் அடுப்பைக் கவனிக்க வேண்டும். கட்டுரையில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

வாசனை ஏன் போகிறது என்பதும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நோயாளிக்குத் தெம்பு வரும். வைரஸ் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ2 என்ற புரதம் முகர்வு நரம்பு செல்களில் இல்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களில்தான் இருக்கிறது என்று ஹார்வர்டு மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2020-லேயே காட்டினார்கள். துணைச் செல்கள் அடிபட்டதும் நரம்பு செல்கள் தடுமாறுகின்றன. துணைச் செல்களும் நரம்பு செல்களும் மறுபடி உருவாகக்கூடியவை என்பதால் பெரும்பாலானவர்களுக்கு வாசனை திரும்பி வருகிறது. ஆனால் எல்லோருக்கும் இரண்டு வாரத்தில் இல்லை. பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 2022-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சுமார் 5.6 சதவீதம் பேருக்கு முகர்வுக் கோளாறு நீடிக்கலாம் என்று கணக்கிட்டது. சதவீதமாகப் பார்த்தால் சின்ன எண்தான். உலகத்தில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று நினைத்தால் கூட்டம் பெரியது.

திரும்பி வருவதும் ஒழுங்காக வருவதில்லை. எனக்குச் சில மாதம் கழித்து வாசனை கோணலாக வந்தது. காபி, கருகிய ரப்பரும் சாக்கடையும் கலந்தது போல நாறியது. பற்பசையை வாயில் வைக்க முடியவில்லை, வதக்கும் வெங்காயம் குமட்டியது. இதற்கு பரோஸ்மியா என்று பெயர். கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் காபியின் மணத்தைத் தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரித்து, இந்தக் கோளாறு உள்ளவர்களை முகரச் செய்தார்கள். அதிகம் பேரைத் துரத்தியது 2-ஃப்யூரான்மெத்தேன்தையோல் என்ற கந்தகச் சேர்மம். என்னைப் படுத்துவதும் தையோல் குடும்பம்தான் என்று தெரிந்ததில் வேதியியல்காரிக்கு ஓர் அற்ப திருப்தி! வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கோளாறைப் பற்றித் தெரியாவிட்டால் 'சாப்பாட்டுக்குக் குறை சொல்கிறாள்', 'எல்லாம் மனப்பிரமை' என்று ஆரம்பித்துவிடுவார்கள். சாப்பிட முடியாமல் எடை குறைந்து, மனம் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு.

இதற்கு மாத்திரை என்று நம்பகமாக ஒன்று இல்லை. முகர்வுப் பயிற்சி இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழு 2009-ல், அதாவது கொரோனாவுக்கு முன்பே, சோதித்த முறை. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு வாசனைகளையும் காலை, மாலை இருவேளையும் கவனம் வைத்து முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். செலவு அதிகமில்லை, பக்கவிளைவும் இல்லை. எனக்கு எலுமிச்சை முதலில் வந்தது. கிராம்பு இன்னும் அரைகுறைதான்.

அந்தக் கட்டுரையின் பெட்டிச் செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'காபித்தூளை முகர்ந்து பாருங்கள், வாசனை தெரிந்தால் கொரோனா இல்லை' என்று போட்டிருந்தார்கள். அது எந்தக் காலத்திலும் முழு உண்மை இல்லை, ஒமிக்ரான் என்ற உருமாறிய வகை வந்தபிறகு சுத்தமாகவே பொருந்தாது. பிரிட்டனின் ஸோ செயலியில் தடுப்பூசி போட்டவர்கள் பதிந்த அறிகுறிகளை 2022 ஏப்ரலில் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. அதற்கு முந்தைய டெல்டா வகையின் காலத்தில் 52.7 சதவீதம் பேர் வாசனை இழந்திருக்கிறார்கள். ஒமிக்ரானில் அது 16.7 சதவீதம்தான். தொண்டை வலியோ 60.8-லிருந்து 70.5 சதவீதமாக ஏறியிருக்கிறது. தொண்டை கரகரக்கும் ஒருவர் காபித்தூள் மணக்கிறதே என்று நிம்மதியாக வயதான பெற்றோர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடலாம்.

இப்போது காது. எங்கள் இயற்பியல் ஆசிரியர், தொற்று குணமான கொஞ்ச நாளில், ஒத்ததிர்வுச் சோதனைக்காக 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டியபோது ஒரு பக்கக் காதில் சரியாகக் கேட்கவில்லை என்று கவனித்தார். கூடவே இரைச்சல். சளி அடைப்பு என்று ஒரு மருந்துக்கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நாங்கள் விடாமல் நச்சரித்து ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம். அந்த அம்மா எடுத்ததும் அதே 512 இசைக்கவைதான். அதைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தார். அடைப்பாக இருந்தால் ஒலி கெட்ட காதுப் பக்கம் ஒதுங்கும். உள்காதோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால் நல்ல காதுப் பக்கம் போகும். சாருக்கு நல்ல காதில் கேட்டது. செவித்திறன் சோதனையும் அதையே உறுதிசெய்தது. அன்றே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். கேட்கும் திறன் முழுதாக இல்லாவிட்டாலும் பெருமளவு திரும்பியது.

கொரோனாவால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் மருத்துவரும் சொன்னார். காரணம் எதுவானாலும், திடீரெனக் காது கேட்காமல் போவது அவசரம். உள்காது பாதிப்புக்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது, அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்கள் கட்டுரை பொறுத்திருக்கச் சொல்வதும் அதே இரண்டு வாரம்தான். சொன்னபடி பொறுத்தவருக்கு அந்த வாய்ப்பு போய்விடும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக ஸ்டீராய்டு மாத்திரை விழுங்க வேண்டாம். வாசனை போனதற்கு அது பெரிதாக உதவுவதில்லை. கட்டுப்படாத சர்க்கரையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று 2021-ல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை நோயாக நாம் பார்த்தோம். ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, கருத்த கசிவு, கன்னத்தில் மரத்துப்போதல், கண் வீக்கம் என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொண்டை வலிக்கு வெந்நீரும் ஓய்வும் போதும் என்று எழுதியிருந்ததில் எனக்கு வழக்கில்லை. இரண்டு பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவிர சிகிச்சையில் மூச்சுக்குழாயில் குழாய் வைத்திருந்து வீடு திரும்பியவருக்குக் குரல் கரகரப்பு நீடித்தால் குரல்வளையைப் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தை நாய் குரைப்பது போல இருமி, சும்மா இருக்கும்போதும் மூச்சு இழுக்கையில் சத்தம் வந்தால் தாமதிக்கக் கூடாது.

மருத்துவப் பக்கத்தில் திருத்தம் போட இடமில்லை என்றால், அந்தக் காபித்தூள் பெட்டி இருந்த அளவுக்குக் காதைப் பற்றி மட்டுமாவது ஒரு பெட்டி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை
(பெயரை வெளியிட வேண்டாம்)