நீலகண்டனின் மின்விசிறி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய உன் அறைப் படத்தைப் பார்த்தேன். சுவரில் பீடியும் கையுமாக உன் வங்காள சினிமா இயக்குநர் ரித்விக் கட்டக், பக்கத்து ஆணியில் அழுக்குத் துண்டு. துண்டை முதலில் துவை. அப்புறம் கட்டக்கைப் பற்றிப் பேசலாம்.

நீ சொன்ன படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கமலேஸ்வர் முகர்ஜி 2013-இல் எடுத்த 'மேகே டாகா தாரா'. கட்டக்கின் 1960 படத்துப் பெயரையே வைத்து, அவருடைய வாழ்க்கையைக் கறுப்பு வெள்ளையில் சொல்கிறார்கள். நாயகன் நீலகண்ட பாக்ச்சி. கட்டக் தன் கடைசிப் படத்தில் தானே நடித்த பாத்திரத்தின் பெயர் அது. மனநல மருத்துவமனையில் நோயாளிகளை வைத்து நாடகம் போடுகிறான். அதையும் கட்டக் 1969-இல் நிஜமாகவே செய்திருக்கிறார். சாஸ்வத சாட்டர்ஜி நடிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பஞ்சம், பிரிவினை, கட்சிச் சண்டை என்று ஒவ்வொன்றையும் வாயால் விளக்கிக்கொண்டே போவது எனக்குச் சலிப்பாக இருந்தது.

கட்டக் அதை ஒரே தண்டவாளத்தில் சொல்லிவிட்டார். அவருடைய 'கோமல் கந்தார்' படம் நினைவிருக்கிறதா? பத்மா நதிக் கரை. எதிர்க்கரையில் சொந்த ஊர், இப்போது அது வேறு நாடு. ஊருக்குப் போகும் ரயில் முன்பு இந்த வழியாகத்தான் போகும். கேமரா தண்டவாளத்தின் மேலேயே வேகமாக ஓடி, கடைசியில் இருக்கும் தடுப்புக்கட்டையில் மோதுகிறது. திரை இருண்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

நீ பிறப்பதற்கு முன்னால், அப்பாவுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாகி, பிஜோய்கரில் ஒரு மாடியில் மூன்று வருஷம் குடியிருந்தோமே, அந்தப் பேட்டை முழுக்கக் கிழக்கு வங்காளத்து அகதிகள்தான். யுத்த காலத்தில் ராணுவம் விட்டுப்போன முகாமில் வந்து தங்கி, அதையே ஊராக்கிக்கொண்டவர்கள். வீட்டுக்கார மாஷிமாவின் பேத்திக்கு ஆறு வயது. "உன் தேஷ் எது?" என்று, அதாவது சொந்த ஊர் எது என்று கேட்டால் பட்டென்று "பரிசால்" என்பாள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பரிசாலை அவள் அம்மாகூடப் பார்த்ததில்லை.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. "குடிக்காமல் அப்படி ஒரு படம் எடுத்திருக்க முடியாது" என்று போனில் சொன்னாயே, அது மூன்று நாளாக மனதை அரிக்கிறது.

கட்டக்கின் அந்தக் கடைசிப் படம், 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ'வின் தொடக்கத்தை மறுபடி போட்டுப் பார். நீலகண்டனின் மனைவி துர்கா மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். புத்தகங்கள், இசைத்தட்டுகள் எல்லாம் அவளோடு போகின்றன. மின்விசிறியை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறான் நீலகண்டன். காற்றுக்காக இல்லை, விற்றுக் குடிப்பதற்கு. அங்கே எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. உன் தாத்தா விற்றது என் அம்மாவின் தையல் மிஷினை. அவர் எந்தப் படமும் எடுக்கவில்லை.

தன்னையே குடிகாரனாக நிறுத்திப் படம் பிடித்த கட்டக்குக்கு அந்த வெட்கம் தெரிந்திருந்தது. அதனால்தான் அவரை எனக்குப் பிடிக்கும். 1976 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு 50 வயது. அந்தப் படம் அடுத்த வருஷம்தான் வெளிவந்தது. முதலில் எடுத்த 'நாகரிக்'கும் அதே 1977-இல்தான். பூனா திரைப்படக் கல்லூரியில் அவரிடம் படித்து, நம் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம் 49 வயதில் போய்விட்டார். உங்கள் விடுதியில் அவர் படமும் எங்காவது மாட்டியிருக்கும்.

நீலகண்டனின் மகனாக வரும் சிறுவன் கட்டக்கின் சொந்த மகன். சாவதற்கு முன் அவனை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று துர்காவிடம் கேட்கிறான் நீலகண்டன். அந்த இடத்தில் அப்பாவை விட்டுவிட்டுப் பையனின் முகத்தைப் பார். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய், எவ்வளவு ராத்திரியானாலும் பரவாயில்லை.

பூஜை லீவுக்கு டிக்கெட் போட்டாயா? முறுக்குக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறேன்.

அம்மா