பின்சீட்டு பெல்ட் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குடும்பக் கார் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். மைலேஜ், டிக்கி அளவு, மாதத் தவணை என்று எல்லாம் விரிவாக இருந்தது. பாதுகாப்புக்கு மட்டும் ஒரே வரி, ‘ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி’ என்று. அந்த ஒரு வரியை நம்பித்தான் நாங்களும் கார் வாங்கினோம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது ஆறு ஏர்பேக் உள்ள செடான். டெலிவரி எடுத்த அன்றே ஒரு கடையில் சீட் கவர் போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்துப் பொங்கலுக்கு மகள் பெங்களூரிலிருந்து வந்தாள், ஒன்றரை வயதுப் பேத்தியோடும் குழந்தைக்கான சீட்டோடும். அதை மாட்டப் போனால், குழந்தை சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கும் இடமே தெரியவில்லை. பெல்ட் மாட்டும் பக்கிளையும் காணோம். மருமகன் கவரின் ஓரத்தைப் பிரித்துக் கையைவிட்டுத் துழாவினார். மூன்று பக்கிள்களும் கவருக்கு அடியில் அமுங்கிக் கிடந்தன. ஒன்றின் மேல் கம்பெனியில் சுற்றிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அந்த சீட்டில்தான் என் மாமியாரை உட்காரவைத்து எத்தனையோ முறை திருச்சிக்கும் மதுரைக்கும் போய் வந்தோம். பேத்தி பிறந்தநாளுக்கு அவளை என் மடியில் வைத்துக்கொண்டு போனதும் அதே சீட்டில்தான்.

அப்புறம் மருமகன் முன்சீட்டைக் காட்டினார். சாய்மானத்தின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய சின்னத் துணிப்பட்டை ஒன்று தைத்திருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் அந்த இடத்தில் தையலைப் பிளந்துகொண்டு வெளியே வரவேண்டும். எங்கள் கவர் அதை இறுக்கமாக மூடியிருந்தது. ஆறு ஏர்பேக் என்று பணம் கொடுத்து வாங்கிவிட்டு, அதில் இரண்டின் வழியை நாங்களே அடைத்து வைத்திருந்தோம்.

நட்சத்திரம் எப்படிக் கிடைக்கிறது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். கார்களை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் அமைப்பு குளோபல் என்கேப். 2024 நவம்பரில் வெளிவந்த அதன் முடிவில் புதிய மாருதி டிசையர் பெரியவர்கள் பாதுகாப்பில் 34-க்கு 31.24 மதிப்பெண்ணும் ஐந்து நட்சத்திரமும் வாங்கியது. குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 39.20, நான்கு நட்சத்திரம். முந்தைய டிசையர் இரண்டு நட்சத்திர வண்டி. நடுத்தரக் குடும்பமும் டாக்ஸிக்காரர்களும் வாங்கும் ஒரு செடான் இவ்வளவு தூரம் முன்னேறியது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் சோதனையை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் இடிக்கும்படி 64 கி.மீ. வேகத்தில் வண்டியை மோதவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பொம்மைகளுக்கு பெல்ட் போட்டிருக்கும். பின்சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் இரண்டு பொம்மைகள், குழந்தை சீட்டில் கட்டி உட்கார்ந்திருக்கும். மடியில் வைத்து யாரும் சோதிப்பதில்லை.

மடியில் வைத்தால் என்ன ஆகும்? 64 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு பங்கு நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தையை இழுத்துப் பிடிக்க சுமார் 180 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது. ஏர்பேக் இருக்கிறதே என்பார்கள். ஸ்டியரிங்கில் எழுதியிருக்கும் எஸ்.ஆர்.எஸ். என்பதில் முதல் எழுத்து ‘சப்ளிமென்டல்’, அதாவது துணைக்கு வருவது. முதலில் பிடிப்பது பெல்ட்தான். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த கார் விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்பதை நாடே பேசியது. பேசியதோடு சரி.

இன்னொன்று. நட்சத்திரம் எந்த வருடத் தேர்வில் வாங்கியது என்பதையும் எழுதுங்கள். 2022-இல் குளோபல் என்கேப் விதிகளைக் கடுமையாக்கியது. 2019-இல் பெரியவர்கள் பாதுகாப்பில் நான்கு நட்சத்திரம் வாங்கிய ஹோண்டா அமேஸ், 2024-இல் புதிய விதிப்படி இரண்டுதான் வாங்கியது. குழந்தைகள் பாதுகாப்பில் ஒன்றுகூட இல்லை. பழைய நட்சத்திரத்தைக் காட்டி செகண்ட் ஹேண்ட் வண்டி விற்பவர்கள் இதைச் சொல்வார்களா?

அடுத்த முறை கார் பக்கம் போடும்போது பெரியவர்கள், குழந்தைகள் இரண்டு நட்சத்திரங்களையும் ஆண்டோடு சேர்த்துப் போடுங்கள். சாவி கொடுக்கும்போது மாலை போட்டுப் படம் எடுக்கிற ஷோரூம்காரர்கள், பின்சீட்டு பெல்ட்டையும் ஐசோஃபிக்ஸையும் ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்லியும் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை அது.

எங்கள் கவர்களைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. முதல் இரண்டு நாள் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்றார் மாமியார். பெல்ட்டின் இடுப்புப் பட்டையை வயிற்றுக்குக் கீழே இறக்கி, மேல் பட்டையைத் தோளுக்கு நேராகச் சரிசெய்து கொடுத்தேன். இப்போது ‘க்ளிக்’ சத்தம் கேட்ட பிறகுதான், “சரி, வண்டியை எடு” என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.