ஐசாலில் இருக்கும் நண்பனுக்கு

மயிலாடி

அன்புள்ள தாஸ்,

ஸ்தோத்திரம். மிசோரமின் ஐசால் சபைகளில் முரசு முழங்கப் பாடுகிறார்கள் என்றும், அந்த முரசைத்தான் ஆதியில் மிஷனரிமார் ஒதுக்கி வைத்தார்கள் என்றும் நீ எழுதியதை, எங்கள் வீட்டில் இப்போது நடக்கும் வழக்குக்குச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

தங்கை மகளுக்குப் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் சம்பந்தம் பேசியிருக்கிறோம். தாலியும் கூடாது, பொட்டுத் தங்கமும் கூடாது என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். தாலி இல்லாமல் என்ன கல்யாணம் என்கிறார்கள் நம் சி.எஸ்.ஐ. சபைப் பெரியவர்கள். பிள்ளைக்கோ நகைமேல் ஆசையே இல்லை. அவள் மனமுவந்து கழற்றினால் அது விடுதலை. கழற்றினால்தான் விசுவாசி என்று பிறர் சொல்லக் கழற்றினால், யூத முறைப்படி விருத்தசேதனம் இல்லாமல் இரட்சிப்பு இல்லை என்று பவுலின் நாளில் கலாத்தியா சபையாரை நெருக்கியவர்களின் நுகமே திரும்பி வருகிறது என்றேன். தாலி கட்டித்தான் தீரவேண்டும் என்று வற்புறுத்துவதும் அதே நுகம் என்றேன். அதற்குத் தங்கை இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

உடையும் நகையும் நம் ஊரில் சிறிய காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை. நம் ஊர் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று மிஷனரி ரிங்கல்தௌபே 1806 இல் மயிலாடிக்கு வந்த பிறகு, சபையில் சேர்ந்த பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பட்ட பாட்டை நாம் கேட்டு வளர்ந்தோம். 1859 இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தலாகாது என்ற நிபந்தனையை விடவில்லை. நம் பாட்டிமார் மிஷனரி அம்மாமாரிடம் தையல் கற்றார்கள். ஆனால் கவுனுக்கு மாறாமல், மார்பை மறைத்துச் சேலையே உடுத்தி ஆலயத்துக்குப் போனார்கள். எனக்கு இதில்தான் பெருமை அதிகம்.

அதற்காக, மரபு என்று வந்தாலே தலையாட்டச் சொல்கிறேன் என்று எண்ணாதே. சாதியும் மரபுதானே! விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த தேவசகாயம் பிள்ளை 1745 இல் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில், பின்னாளில் எழுந்த ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்த தடுப்பு 1910 இல்தான் அகற்றப்பட்டது. அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரின் பந்தியை விட்டு விலகியபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தது இப்படிப்பட்ட மரபைத்தான். முரசும் தாலியும் ஒருவரையும் பந்தியிலிருந்து எழுப்பவில்லையே. அவற்றைப் பற்றி நாம் ஏன் இத்தனை சத்தமிடுகிறோம்?

கல்யாணத்தை எந்தச் சபைப் போதகர் நடத்துவது என்பது இன்னும் முடிவாகவில்லை. தேதி குறித்ததும் எழுதுகிறேன். மே மாதமானால் உனக்கு விடுமுறை கிடைக்குமல்லவா?

அன்புடன்,
ஜெபா