ஃப்ரெடோவை விட்டுவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் பாகம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட படங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க மாஃபியா குடும்பம் ஒன்றின் கதையான 'தி காட்ஃபாதர் பார்ட் 2' (1974) மட்டும் விதிவிலக்கு என்று எழுதியிருந்தது ரொம்பச் சரி. ஆனால் பாராட்டு முழுக்க மைக்கேலாக நடித்த அல் பாச்சினோவுக்கும், அவன் அப்பா வீட்டோவின் இளவயது வேடத்தில் வந்த ராபர்ட் டி நீரோவுக்கும் போய்விட்டது. மைக்கேலின் அண்ணன் ஃப்ரெடோவாக நடித்த ஜான் கசாலேயின் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை.

நான் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பாகப்பிரிவினைக்கு வரும் அண்ணன் தம்பிகளைப் பார்த்தே காலம் போனது. தம்பி கை ஓங்கிய வீட்டில் அண்ணன் பத்திரத்தைப் படித்துக்கூடப் பார்க்க மாட்டார், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்பதோடு சரி. ஃப்ரெடோ அந்த மாதிரி அண்ணன். மூத்தவன் சன்னி முதல் பாகத்திலேயே போய்விட்டான். அடுத்தவன் இவன் இருக்கும்போதே அப்பாவின் இடம் தம்பி மைக்கேலுக்குப் போகிறது. இவனுக்குக் கிடைப்பதெல்லாம் எடுபிடி வேலைதான்.

தம்பியின் எதிராளிக்கு ரகசியமாக உதவியவன், கியூபாவின் ஹவானாவில் மாட்டிக்கொள்ளும் விதத்தைப் பாருங்கள். அந்த எதிராளியின் கையாள் ஜானி ஓலாவைத் தெரியவே தெரியாது என்று சாதித்தவன், குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே "இந்த இடத்துக்கு என்னைக் கூட்டி வந்ததே ஓலாதான்" என்று உளறுகிறான். பின்னால் நிற்கும் தம்பி காதில் அது விழுகிறது. துப்பறிதல், துரத்தல் ஒன்றும் கிடையாது. வாய் தவறிய ஒரு பேச்சில் முடிந்துவிடுகிறது.

பிறகு அந்த ஏரிக்கரை வீட்டுக் காட்சி. வெளியே எங்கும் பனி. கசாலே சாய்வு நாற்காலியில் கிட்டத்தட்ட மல்லாந்து கிடக்கிறார். நான் உனக்கு அண்ணன், என்னை ஒதுக்கிவிட்டார்களே, எனக்கும் மூளை இருக்கிறது என்று கத்தும்போதும் எழுந்து நிற்கவில்லை. கிடந்த கிடையிலேயே துள்ளுகிறார். பாச்சினோ குரலை உயர்த்தாமல் உறவை அறுத்துவிட்டு, அம்மா உயிரோடு இருக்கும்வரை இவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அடியாளிடம் சொல்கிறார். அம்மா சாவு வீட்டில் அண்ணனைக் கட்டிக்கொண்டே அந்த அடியாளை ஒரு பார்வை பார்ப்பாரே, அதற்கு மேல் ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

அப்பா கதையையும் மகன் கதையையும் மாற்றி மாற்றிக் காட்டுவது குழப்புகிறது என்பவர்கள் உண்டு. இளம் வீட்டோ நிமோனியாவில் கிடக்கும் கைக்குழந்தையைப் பார்த்துக் கலங்குகிறானே, அந்தக் குழந்தை ஃப்ரெடோதான். இது தெரிந்து பார்த்தால் இயக்குநர் கொப்போலா ஏன் அப்படிக் கோத்தார் என்பது புரியும். (மைக்கேலை அமெரிக்க செனட் குழு விசாரிக்கும் பகுதி எனக்கும் கொஞ்சம் இழுவைதான். ஓடுவதே 3 மணி 20 நிமிடம்!)

படம் 11 ஆஸ்கர் பரிந்துரை பெற்று 6 விருது வாங்கியது. சிறந்த படம் என்ற விருதை வாங்கிய முதல் இரண்டாம் பாகமும் இதுதான். துணை நடிகர் பிரிவில் மட்டும் இந்த ஒரே படத்திலிருந்து டி நீரோ, லீ ஸ்ட்ராஸ்பெர்க், மைக்கேல் காட்ஸோ என்று மூன்று பேர், கசாலே இல்லை! அவர் நடித்த முழுநீளப் படங்கள் ஐந்துதான். ஐந்துமே சிறந்த படத்துக்கான பரிந்துரைக்குப் போனவை. 1978இல், 42 வயதில், புற்றுநோயில் போய்விட்டார். ஒருமுறைகூட அவர் பெயர் பரிந்துரைக்கப்படவில்லை.

கடைசியில் வரும் 1941ஆம் ஆண்டுக் காட்சியில், பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன் என்று மைக்கேல் சொன்னதும் மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் பாய்கிறார்கள். கை கொடுத்து வாழ்த்துவது ஃப்ரெடோ ஒருவன்தான். அடுத்த முறை இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது பாச்சினோ படத்துக்குப் பக்கத்தில் கசாலே படத்தையும் போடுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்,
கும்பகோணம்.