கதவு சாத்தப்படும் முன்பே சொல்லுங்கள்: படைவீரர்களின் வீட்டுக்கடன் குறித்து ஒரு திறந்த மடல்

ஆயுதப்படை முன்னாள் படைவீரர் விவகாரத் துறையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், பொதுச் சேவைத் துறை வீட்டு நிதியளிப்பு வாரியத்தின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து ராணுவத்துக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு வீட்டுக்கடன் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் காலம் கடந்தே வருகிறார்கள். அதைத் தவிர்க்க உங்களால் முடியும் என்பதால்தான் இந்த மடல்.

18, 19 வயதில் படையில் சேர்ந்தவர் 21 ஆண்டுச் சேவையை முடித்து 40 வயதையொட்டிப் பென்ஷனோடு வெளியே வருகிறார். அதுவரை குடும்பத்தோடு இருந்த ராணுவக் குடியிருப்பின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா அம்மா இருக்கும் லயத்து வீட்டுக்குப் போகலாம் என்றால், அது தோட்ட நிர்வாகத்தின் வீடு. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு குறைந்தபட்சத் தரச் சட்டம் அந்த வீட்டில் தண்ணீரும் விளக்கும் இருக்க வேண்டும் என்கிறது; வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. அப்பா வேலையை விட்டால் அந்த வீடும் போகும். நாட்டுக்கு 21 ஆண்டு உழைத்தவர் இரண்டு வீடுகளுக்கு நடுவே, இரண்டும் தனதில்லாமல் நிற்கிறார்.

இந்த நாட்டில் அவருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல வீட்டுக்கடன், எல்பிபிஎஸ்ஏ என்று அழைக்கப்படும் உங்கள் வீட்டு நிதியளிப்பு வாரியத்தின் கடன்தான். 2016 ஜனவரி 1 முதல் தனி வாரியமாக இயங்கும் நீங்கள் ஆண்டுக்கு 4 விழுக்காடு என்ற மாறாத விகிதத்தில், முதல் கடனுக்கு 35 ஆண்டுவரை தவணை தருகிறீர்கள். பென்ஷன் வந்த பிறகு தவணையைப் பென்ஷனிலிருந்தே பிடித்துக்கொள்கிறீர்கள். கட்டிய வீடு வாங்க, கட்டிக்கொண்டிருக்கும் வீடு வாங்க, சொந்த நிலத்தில் கட்ட, வீடு கட்ட நிலம் வாங்க, அப்படி வாங்கிய நிலத்தில் கட்ட, வங்கியில் இருக்கும் வீட்டுக்கடனை அடைக்க, வீட்டைப் புதுப்பிக்க என ஏழு வகை. ஆனால் விண்ணப்பம் பணியில் இருக்கும்போதே போயாக வேண்டும். ஓராண்டுச் சேவை முடித்துப் பணி உறுதியானவருக்குத் திறக்கும் இந்தக் கதவு, சேவை முடியும் நாளில் சாத்திக்கொள்கிறது. இருபது ஆண்டு திறந்திருந்த கதவைப் பற்றிப் பலர் கேள்விப்படுவதே, ஓய்வுக்குச் சற்று முன் நடக்கும் மறுவாழ்வுப் பயிற்சியின்போதுதான். அப்போது வீடு தேடி, பத்திரம் எழுதி, ஒப்புதல் வாங்கி முடிக்க நாள் போதாது.

மாறாத 4 விழுக்காட்டின் அருமை கணக்குப் போட்டால் தெரியும். 2 லட்சம் வெள்ளிக் (ரிங்கிட்) கடனுக்கு 35 ஆண்டென்றால் மாதம் ஏறக்குறைய 886 வெள்ளி, 30 ஆண்டென்றால் 955. வங்கிக் கடனின் வட்டி, மத்திய வங்கி நிர்ணயிக்கும் ஓபிஆர் என்ற வட்டி விகிதத்தோடு ஏறி இறங்கும். 2020 ஜூலையில் 1.75 ஆக இருந்த ஓபிஆர் 2023 மே மாதம் 3.00 ஆனது. 3 விழுக்காட்டில் 843 வெள்ளியாக இருந்த 30 ஆண்டுத் தவணை, வட்டி 1.25 புள்ளி ஏறி 4.25 ஆகும்போது 984 வெள்ளி. மாதம் 141 வெள்ளி கூடுகிறது. சம்பளக்காரர் ஓவர்டைம் செய்து சமாளிப்பார். பென்ஷனுக்கு ஓவர்டைம் கிடையாது.

சேவை முடிந்தபின் வங்கியில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். ஒருவருக்கு பென்ஷன் 1,500 வெள்ளி, பட்டணத்தில் காவலர் வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கார் தவணை 550, கூட்டுறவுக் கடன் 400. வருமானத்தில் 60 விழுக்காடுவரை கடனுக்குப் போகலாம் என்று கணக்கிடும் வங்கியானால், 3,200-ல் 1,920. இருக்கும் கடன் 950 போக மிச்சம் 970 வெள்ளி. 4.25 விழுக்காட்டில் 30 ஆண்டுக்குச் சுமார் 1 லட்சத்து 97 ஆயிரம் வெள்ளி கடன் எட்டும். (சிறிய வருமானத்துக்கு 60-க்கும் கீழே நிற்கும் வங்கிகளும் உண்டு.) இனி அதே காவலர் சம்பளத்தை முதலாளி கையில் ரொக்கமாகக் கொடுத்து, சேமநிதி கட்டவில்லை என்று வையுங்கள். வங்கி அந்த 1,700-ஐக் கணக்கில் எடுக்காது. 1,500-ல் 60 விழுக்காடு 900; இருக்கும் கடனோ 950. விண்ணப்பம் அங்கேயே முடிந்தது. ஆள் அதேதான், உழைப்பும் அதேதான். சம்பளச் சீட்டும் சேமநிதி அறிக்கையும் இல்லாததுதான் கெடுத்தது. ஆகவே வேலைக்குச் சேரும் முதல் மாதத்திலிருந்தே சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும், சேமநிதி கட்டப்பட வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஆறு மாத வங்கி அறிக்கை, பென்ஷன் சீட்டு, படைவீரர் அட்டை ஆகியவை கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கூட்டுறவுக் கடனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சம்பளத்தில் பிடிக்கும் கடன் என்பதால் வாங்குவது சுலபம். முகாமில் ஒருவர் வாங்கினால் நாலு பேர் வாங்குகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் மாதம் 400 வெள்ளித் தவணை, 81 ஆயிரம் வெள்ளி வீட்டுக்கடனுக்குச் சமம். கார் மாற்றவும் கல்யாணச் செலவுக்கும் எடுத்த அந்தக் கடன்தான் பின்னால் வீட்டையே தடுக்கிறது. வீடு வாங்க நினைப்பவர் முதலில் அடைக்க வேண்டியது அதைத்தான். பிறகு மத்திய வங்கியின் கடன் பதிவான சிசிஆர்ஐஎஸ் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்க்கட்டும். கடைசி 12 மாதத் தவணைகள் அதில் கட்டம் கட்டமாகத் தெரியும். '0' என்றால் பாக்கி இல்லை, '1' என்றால் ஒரு மாதப் பாக்கி. முகாம் மாறும்போதும் வெளியூர்ப் பணியின்போதும் மோட்டார் சைக்கிள் தவணை ஒன்றிரண்டு மாதம் தவறியிருக்கும், அவருக்கே நினைவிருக்காது. பாக்கியைக் கட்டிவிட்டுச் சில மாதம் பொறுத்து விண்ணப்பிப்பதுதான் நல்லது. கடன் கைமீறிப் போயிருந்தால் ஏகேபிகே நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை சொல்லி, தவணையைச் சீரமைத்துக் கொடுக்கிறது. அந்தப் பெயரைக்கூட எங்களிடம் வருபவர்களில் பலர் கேட்டதில்லை.

அடுத்தது நிலப்பட்டா. குளுவாங் போன்ற பட்டணத்தில் விலை மலிவாக இருக்கிறதே என்று தோட்டத்து ஓரத்தில் வீடோ நிலமோ பேசி முடித்துவிடுகிறார்கள், முன்பணமும் கொடுத்துவிடுகிறார்கள். நில அலுவலகத்தில் பட்டாவின் விவரத்தை எடுத்துப் பார்த்தால் மூன்று வரிகள் கண்ணில் படும். முதலாவது 'காத்தகோரி பெங்குனாஆன் தானா', அதாவது நிலப் பயன்பாட்டு வகை. அதில் 'பங்குனான்' என்றிருந்தால் கட்டடத்துக்குரிய நிலம். 'பெர்த்தானியான்' என்றிருந்தால் விவசாய நிலம், வகை மாற்றாமல் வீட்டுக்கடன் எதிர்பார்க்க முடியாது. அடுத்தது 'ஷாரட் ஞாத்தா', அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்ற நிபந்தனை. மூன்றாவது 'செக்காத்தான் கெபெந்திங்கான்', அதாவது நிலத்தின் மீதுள்ள கட்டுப்பாடு. மாநில அதிகாரத்தின் ஒப்புதலின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று அதில் இருந்தால், ஒப்புதல் வரும்வரை கடன் நகராது. பட்டாவில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்ற குறிப்பு இருந்தால் நம்மவர் பெயருக்கு மாற்றவே முடியாது; வீட்டுமனைத் திட்டங்களில் மலாய்க்காரர் முதலிய பூமிபுத்ராவுக்கு ஒதுக்கிய லாட்டும் அனுமதியின்றி நம் கைக்கு வராது. இவ்வளவும் ஒரே தாளில் இருக்கின்றன. முன்பணம் கொடுக்கும் முன் அந்தத் தாளுக்குச் செலவழிக்கும் சில வெள்ளி, பல ஆயிரத்தைக் காப்பாற்றும்.

பழைய வீடு வாங்குவதில் வேறொரு சிக்கல். வழக்கமான விற்பனை ஒப்பந்தத்தில் 10 விழுக்காடு கட்டி, மீதியை மூன்று மாதத்தில் கொடுக்க வேண்டும்; தவறினால் வட்டியோடு இன்னொரு மாதம். ஒப்புதலும் பத்திரவேலையும் அதற்குள் முடியாமல் போனால் நாள்கணக்கில் வட்டி ஏறும். ஆகவே மாநில ஒப்புதல் தேவைப்படும் நிலத்துக்கு ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்தே அந்த மூன்று மாதம் தொடங்கும் என்றும், கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு வந்து கேட்டால் எங்களாலும் ஒன்றும் செய்ய இயலாது.

கைச்செலவுக் கணக்கும் முன்கூட்டியே வேண்டும். 2 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி வீடு, 2 லட்சம் கடன் என்றால், பெயர்மாற்ற முத்திரைவரி முதல் 1 லட்சத்துக்கு 1 விழுக்காடும் மீதி 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு 2 விழுக்காடுமாக 3,400 வெள்ளி; கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 1,000 வெள்ளி. 5 லட்சத்துக்கு மேற்படாத முதல் வீட்டுக்கு இந்த இரண்டுக்கும் விலக்கு 2027 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு: விற்பனை ஒப்பந்தத்துக்கு 2,750, கடன் பத்திரத்துக்கு 2,500, அதோடு சேவை வரியும் சில்லறைச் செலவும். முன்பணம் 20,000-ஐயும் சேர்த்தால் 26 ஆயிரத்துக்குக் குறையாமல் கையில் இருக்க வேண்டும். படைவீரர்களின் சேமநிதியான எல்டாட் சேமிப்பு இதற்குத்தான் கைகொடுக்கும். உறுப்பினர் 10 விழுக்காடும் அரசாங்கம் 15 விழுக்காடும் போட்ட பணம் அது. பென்ஷன் இல்லாமல் வெளியேறுபவருக்கு அரசாங்கப் பங்கும் சேர்ந்தே வருகிறது. அவ்வளவு பெரிய தொகை அவர் கையில் மறுபடி சேர்வது அரிது. அது வரும் நாளுக்கு முன்பே இந்த 26 ஆயிரத்தின் கணக்கை அவரிடம் யாராவது காட்டியிருக்க வேண்டும்.

21 ஆண்டை முடிக்காமல் வந்தவர்களுக்குத்தான் வழி மிகக் குறுகல். பென்ஷன் சீட்டு இல்லை. தோட்டத்தில் ஒப்பந்தத்துக்குப் பழம் வெட்டுகிறார், லாரி ஓட்டுகிறார், சந்தையில் கடை போடுகிறார். சம்பளச் சான்று இல்லாதவர்களுக்காகவே எஸ்ஜேகேபி ஜாமீன் திட்டம் 5 லட்சம் வெள்ளிவரை முதல் வீட்டுக்கு இருக்கிறது. கடன் கொடுப்பது வங்கி; ஜாமீன் நிற்பது அரசாங்க நிறுவனம். விற்ற ரசீது, வங்கியில் போட்ட பணம், வியாபாரப் பதிவு என்று எதையாவது மாதம் தவறாமல் காட்ட வேண்டும். 5,000 வெள்ளிக்கு மேற்படாத வருமானக்காரருக்கு 2011-இல் தொடங்கிய முதல் வீட்டுத் திட்டமும் இருக்கிறது. முன்பணமில்லாமல் கடன் கிடைக்க அது உதவும்.

அமெரிக்காவில் 1944-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நடப்பதைப் பாருங்கள். அங்கே படையை விட்டு வந்தவர் தகுதிச் சான்றிதழோடு எந்த வயதிலும் வங்கிக்குப் போகலாம். கடனின் ஒரு பகுதிக்கு அரசாங்கம் பொறுப்பேற்கிறது, பெரும்பாலும் முன்பணம் தேவைப்படுவதில்லை. முதல்முறை முன்பணமின்றி வாங்குபவர் 2.15 விழுக்காடு கட்டணம் ஒருமுறை கட்டுகிறார். பணியில் ஊனமுற்று இழப்பீடு பெறுபவருக்கு அதுவும் இல்லை. ஜாமீன் நிற்கும் நிறுவனம் நம்மிடமும் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் படைவீரர் சட்டமும் இருக்கிறது, யார் முன்னாள் வீரர் என்ற பதிவும் உங்கள் துறையிலேயே இருக்கிறது. படைவீரருக்கென்று ஒரு பிரிவை எஸ்ஜேகேபி திட்டத்தில் திறக்க நிதியமைச்சிடம் கேளுங்கள்.

அதற்கு நாளாகும் என்றால், உடனே செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டுக்கடன் விளக்கத்தை ஓய்வு நேரத்துக்குத் தள்ளாமல் 5-ஆம் ஆண்டிலும் 12-ஆம் ஆண்டிலும் 18-ஆம் ஆண்டிலும் கட்டாயமாக்குங்கள். கணவரோடு மனைவியையும் உட்கார வையுங்கள், வீட்டுக் கணக்கு பலருக்கு அவர் கையில்தான். ஓய்வுக்கு ஓராண்டு முன்பே எதிர்பார்க்கும் பென்ஷன் தொகையை எழுதிய கடிதம் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கடன் தவணைக்குச் சம்பளத்தில் பிடித்தம் நின்று பென்ஷனில் தொடங்கும் மாதங்களில் இடைவெளி விழுந்தால், எவ்வளவு கட்ட வேண்டும், எங்கே கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பென்ஷனில்லாமல் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம், அவருக்குப் பிடித்தமே இராது, தானே கட்ட வேண்டும். பட்டாவின் அந்த மூன்று வரிகளை விளக்கும் ஒரு பக்கத் தாளை மலாயிலும் தமிழிலும் அச்சிடுங்கள். தமிழ்ப்படியை எழுதிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

மாதம் ஒருநாள் உங்கள் அதிகாரி ஒருவரைக் குளுவாங்குக்கு அனுப்புங்கள். சனிக்கிழமையானால் தோட்டத்தில் வேலை செய்பவர்களும் மதியத்துக்குப் பிறகு வந்து சேர முடியும். அடையாள அட்டை, பென்ஷன் சீட்டு, சிசிஆர்ஐஎஸ் அறிக்கை, பட்டா விவரம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, ஆளுக்கொரு கோப்பாக நாங்கள் தயாராக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
குளுவாங் தோட்டப்புறத்தில் முன்னாள் படைவீரர்களுக்குப் பாரம் எழுதித் தருபவர்கள்