இசை ஆவணப்படங்களின் பக்கத்தில் மூன்று வரி கேட்கிறோம்

ஓடிடி தளங்களில் ஆவணப்படங்களைத் தேர்ந்தெடுத்து, பக்கம் அமைத்து, வரிசையில் ஏற்றும் குழுவினருக்கு,

வணக்கம்.

பாடகர்கள், இசைக்குழுக்களின் வாழ்க்கையைச் சொல்லும் ஆவணப்படங்கள் இன்று உங்கள் தளங்களில் குவிந்து கிடக்கின்றன. பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் பற்றிய ‘ஏமி’ மாதிரியான படம் இருக்கும் அதே வரிசையில் ஏதோ ஒரு நட்சத்திரத்தின் சுற்றுப்பயண விளம்பரமும் இருக்கிறது. அதற்கு அடுத்ததாக நடிகர்கள் நடித்த வாழ்க்கைக் கதை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு போஸ்டர், ஒரே இரண்டு வரிச் சுருக்கம், ‘இதுவரை யாரும் பார்த்திராத காட்சிகள்’ என்ற ஒரே வாசகம். எதை எந்த அளவுக்கு நம்பிப் பார்ப்பது என்பதைப் பார்ப்பவர் தலையில் கட்டிவிடுகிறீர்கள்.

நாங்கள் கேட்பது அந்தச் சுருக்கத்துக்குக் கீழே மூன்று வரி. படத்துக்குப் பணம் போட்டது யார்? கடைசியாக எது இருக்கலாம், எது போகலாம் என்று முடிவுசெய்யும் உரிமை, அதாவது ஃபைனல் கட், யாரிடம் இருந்தது? பாடல்களுக்கு அனுமதி தந்தது யார்? இதற்காக நீங்கள் புதிதாக எதையும் தேட வேண்டாம். படத்தை வாங்கும்போதே உரிமைப் பத்திரங்களையும், எந்தப் பாட்டு எத்தனை வினாடி வருகிறது என்று காட்டும் கியூ ஷீட்டையும் கேட்டு வாங்கித்தான் ஒப்பந்தம் போடுகிறீர்கள்.

இந்த மூன்றில் எங்களுக்கு முக்கியமானது மூன்றாவது. பாட்டு இல்லாமல் பாடகரைப் பற்றிப் படமெடுப்பது கடினம். குடுமி அங்கேதான் சிக்கியிருக்கிறது. ஒரு பாட்டைப் படத்தில் சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும். மெட்டுக்கும் வரிகளுக்கும் அவற்றின் உரிமையை வைத்திருக்கும் இசைப் பதிப்பாளரிடம் சிங்க் உரிமை, அதாவது பாட்டைக் காட்சியோடு இணைக்கும் உரிமை. குறிப்பிட்ட அந்த ஒலிப்பதிவுக்கு ஆடியோ நிறுவனத்திடம் மாஸ்டர் உரிமை. இருபது பாட்டு என்றால் குறைந்தது நாற்பது கையெழுத்து. ஒரு பாட்டை மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தால் மூவரின் பதிப்பாளர்களையும் தனித்தனியே பிடிக்க வேண்டும். ஒரு தரப்புக்குத் தரும் தொகையையே மறு தரப்புக்கும் தரவேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும் என்பதால், பதிப்பாளர் விலையை ஏற்றினால் மாஸ்டர் விலையும் கூடவே ஏறிவிடும். இதில் யாராவது ஒருவர் முடியாது என்றால் அந்தப் பாட்டு போயிற்று. மறுக்கும் அதிகாரம் உள்ளவர், படத்தை முதலில் எனக்குப் போட்டுக் காட்டு என்று கேட்பார். கேட்டால் காட்டத்தான் வேண்டியிருக்கும்.

இதைச் சட்டம் ஓரளவு தளர்த்துகிறது. அமெரிக்காவில், விமர்சிக்கவோ விளக்கவோ சில வினாடிகளை நியாயமான பயன்பாடு என்ற பேரில் எடுத்தாளலாம். ஆனால் வழக்கு வந்தால் ஈடுகட்டும் காப்பீடு இல்லாமல் எந்தத் தளமும் படத்தைத் தொடாது. காப்பீட்டு நிறுவனமோ வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வமான கருத்தைக் கேட்கும். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் இடம் தருகிறது. அதை நம்பி ஒரு முழுப் பாட்டை வைக்கும் துணிச்சல் இங்கே எந்தத் தயாரிப்பாளருக்கும் இல்லை.

அனுமதி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நிக் புரூம்ஃபீல்டின் ‘கர்ட் அண்ட் கோர்ட்னி’ ஒரு பாடம். நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டு இல்லாமலே அதன் பாடகர் கர்ட் கோபெய்னைப் பற்றி எடுத்த படம் அது. அவர் மனைவி கோர்ட்னி லவ் தரப்பு இசை உரிமையைக் காட்டி வழக்குப் போடுவதாக எச்சரித்ததும், 1998 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அதன் திரையிடல் ரத்தானது. அண்மைய உதாரணம் இதைவிடப் பெரியது. மறைந்த அமெரிக்கப் பாடகர் பிரின்ஸைப் பற்றி எஸ்ரா எடல்மன் நெட்ஃபிளிக்ஸுக்காக எடுத்த ஒன்பது மணி நேர ஆவணப்படம் இனி வெளிவராது என்று 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. பதிலுக்குப் பிரின்ஸின் சொத்துகளை நிர்வகிப்பவர்கள் அவருடைய காப்பகத்திலிருந்து தாங்களே புதிதாக ஒரு படம் எடுப்பார்களாம். அந்தப் புதிய படம் ஒருநாள் உங்கள் வரிசையில் வந்து நிற்கும். அப்போது அதன் பக்கத்தில் இந்த வரலாறு ஒரு வரியாகவாவது இருக்குமா?

அனுமதி பெற்ற படமென்றால் பூசி மெழுகியது, அனுமதி பெறாதது என்றால் நேர்மையானது என்று நாங்கள் சொல்லவில்லை. பாடகி விட்னி ஹூஸ்டனைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு படங்கள் வந்தன. 2017-இல் வந்த ‘விட்னி: கேன் ஐ பி மீ’ குடும்பத்தின் ஒப்புதல் இல்லாதது, 1999 சுற்றுப்பயணத்தில் எடுத்த காட்சிகள்தான் அதன் முதுகெலும்பு. 2018-இல் கெவின் மெக்டொனால்ட் எடுத்த ‘விட்னி’ குடும்பத்தின் ஒப்புதலோடு வந்தது. சிறுவயதில் உறவினர் ஒருவரால் அவர் பாலியல் கொடுமைக்கு ஆளானார் என்ற குற்றச்சாட்டு வெளியே வந்தது இரண்டாவதில்தான். ‘ஏமி’யும் அப்படித்தான். அதன் இயக்குநர் ஆசிஃப் கபாடியாவுக்கு ஆடியோ நிறுவனத்தின் ஆதரவும் ஆரம்பத்தில் குடும்பத்தின் ஒத்துழைப்பும் இருந்தன. நூறு பேருக்குமேல் பேட்டி எடுத்தும் ஒருவரையும் கேமரா முன் உட்காரவைக்காமல் குரலை மட்டும் வைத்துத் தொகுத்தார். 2015-இல் படம் வந்ததும் ஏமியின் தந்தை அதைக் கடுமையாக எதிர்த்தார். ஆகவே எங்களுக்கு வேண்டியது தரச்சான்று முத்திரை அல்ல, தகவல்தான். ஒரு கதையில் யார் குரல் ஓங்கியிருக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டு பார்ப்பது ஒரு வகை, தெரியாமல் பார்ப்பது வேறு வகை.

இந்தத் தகவலில் பாதி படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலிலேயே இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறுத்திப் பார்ப்பார்கள். நிர்வாகத் தயாரிப்பாளர் பட்டியலில் பாடகரின் பெயரோ மேலாளரின் பெயரோ இருக்கிறதா? தயாரிப்பு நிறுவனங்களில் ஆடியோ கம்பெனியின் கிளை ஏதாவது உண்டா? எல்லாம் முடிந்து கடைசியாக வரும் பதிப்புரிமை வரியில் உரிமையாளர் யார்? மூன்று நிமிட வேலை. அந்த மூன்று நிமிடத்தைத்தான் நீங்கள் பிடுங்கிக்கொள்கிறீர்கள். பெயர்கள் ஓடத் தொடங்கிய ஐந்தாவது வினாடியில் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போகிறது, அடுத்த நிகழ்ச்சியின் டிரெய்லர் திரையை நிரப்புகிறது. ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் பாடல் பட்டியல் போய்விடுகிறது. இசை ஆவணப்படங்களுக்கு மட்டுமாவது இந்தத் தானியங்கிச் சுருக்கத்தை நிறுத்திவையுங்கள்.

இனி ஒலி, ஒளி. இசைப் படத்தில் சின்னத் தவறும் பெரிதாகக் கேட்கும் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 25-இல் ஓட்டி எடுத்த பிரதிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் வேகம் 4 சதவீதம் கூடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். கூடவே சுருதியும் ஏறும். ஒரு கட்டைச் சுருதிக்கும் ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கும் உள்ள இடைவெளியில் பத்தில் ஏழு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் இது பிடிபடாது. பாட்டில், அசல் ஆல்பத்தைக் கேட்டுப் பழகிய காது உடனே நெளியும். சுருதியை மட்டும் திருத்திய பிரதிகளும் உண்டு; அவற்றில் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், கூடுதலாகத்தான் இருக்கும். பிரதி கையில் வந்ததும் அதன் நீளத்தைத் திரையரங்க நீளத்தோடு ஒப்பிடுங்கள். 4 சதவீதம் குறைந்தால், ஒரு பாட்டைச் சுருதி காட்டும் டியூனர் வைத்துச் சோதித்துவிட்டு அசல் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய டிவி வடிவமான 4:3 காட்சியை அகலத் திரைக்கு நிரப்புவது இன்னொரு கெட்ட பழக்கம். நிரப்பினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். பாடுபவரின் முகம் தப்பிக்கும், கிட்டார் நரம்பில் இருக்கும் விரல் போய்விடும். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இருந்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

வசன வரிகளில் எங்கள் குறை வேறு. பேட்டிக்குத் தமிழ் வரி வருகிறது. பாட்டு தொடங்கியதும் திரை காலியாகிவிடுகிறது, இல்லையென்றால் ஓர் இசைக்குறி மட்டும் மின்னுகிறது. பாடல் வரிகளை எழுத்தாகக் காட்டவும் மொழிபெயர்க்கவும் பதிப்பாளரிடம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் ‘ஏமி’யில் பாடல் வரிகள் திரையிலேயே எழுத்தாக ஓடுகின்றன, கதையை நடத்திச் செல்வதே அவைதான். அவற்றைத் தமிழாக்காமல் பேட்டியை மட்டும் தமிழாக்கினால் பாதிப் படத்தைத்தான் தந்திருக்கிறீர்கள். சிங்க் உரிமை கேட்கும் அதே கடிதத்தில் வசன வரி மொழிபெயர்ப்பையும் சேர்த்துக் கேட்கும்படி தயாரிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். படம் முடிந்தபிறகு கேட்டால் மறுபடி முதலிலிருந்து பேரம்.

தமிழில் இந்த வகைப் படம் ஏன் அரிது என்பதற்கும் காரணம் இந்த உரிமைச் சிக்கல்தான். ஒரு பின்னணிப் பாடகரைப் பற்றி எடுக்கப் போனால் பாட்டின் ஒலி ஓர் ஆடியோ கம்பெனியிடம் இருக்கும், அந்தப் பாட்டு வந்த காட்சி நெகட்டிவ் உரிமை வைத்திருப்பவரிடம் இருக்கும். படத்தைத் தயாரித்த நிறுவனத்தை எப்போதோ மூடியிருப்பார்கள். நெகட்டிவ் உரிமை கைமாறிக் கைமாறி இப்போது யாரிடம் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஓர் ஆளைத் தனியாகப் போட வேண்டும். அதனால்தான் நம்மூர்ப் படங்களில் நாற்காலியில் உட்கார்ந்து புகழ்பவர்கள் அதிகம், பாட்டு குறைவு.

உரிமைச் சிக்கல் குறைவான படமும் உண்டு. சத்யஜித் ராய் 1976-இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி எடுத்த ‘பாலா’ அரைமணி நேரத்தைச் சற்றே தாண்டும் படம். மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையமும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து தயாரித்தது. வீணை தனம்மாளின் பேத்தி, அறுபதை நெருங்கும் வயதில், கடற்காற்று புடவையை அலைக்கழிக்க ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வுக்கு அபிநயம் பிடிக்கிறார். அசல் சுருளிலிருந்து நல்ல பிரதி எடுத்துத் தமிழ் வசன வரியோடு போட நினைக்கும் தளம், முதல் கடிதத்தைச் சென்னைக்கே எழுதலாம்.

‘மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.’ படத்தையும் நம் பார்வையாளர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். ஈழத்து வேர் கொண்ட பாடகி மாயா அருள்பிரகாசம், தான் பல ஆண்டுகளாகப் பிடித்துவைத்திருந்த வீடியோக்களைக் கல்லூரி நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் கையில் கொடுத்தார். அவற்றில் 2001-இல் இலங்கை சென்று உறவினர்களைப் படமெடுத்ததும் அடக்கம். 2018 சன்டான்ஸில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, நானாக இருந்தால் இப்படி எடுத்திருக்க மாட்டேன் என்ற பொருள்பட அவரே பேசினார். காட்சி அவருடையது, தொகுப்பு நண்பருடையது. ஃபைனல் கட் யாரிடம் என்ற இரண்டாவது வரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இப்படி எழுதலாம் என்று சில மாதிரிகள் தருகிறோம். ‘ஹோம்கமிங்’, 2019: “எழுதியதும் இயக்கியதும் பாடகர் பியான்சேயே.” பீட்டில்ஸ் குழுவைப் பற்றிய ‘கெட் பேக்’, 2021: “தயாரிப்பாளர்களில் பால் மெக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், யோகோ ஓனோ, ஒலிவியா ஹாரிசன் உண்டு. 1969 ஜனவரியில் எடுத்த சுமார் 60 மணி நேரக் காட்சியிலிருந்து ஏறக்குறைய 8 மணி நேரம்.” அரேத்தா ஃபிராங்க்ளினின் ‘அமேசிங் கிரேஸ்’: “லாஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் 1972 ஜனவரியில் இரண்டு இரவு எடுத்தது. கிளாப் அடிக்காமல் எடுத்ததால் ஒலியும் ஒளியும் இணையாமல் கிடப்பில் கிடந்தது. பின்னர் இணைத்தபோதும் பாடகர் திரையிட விடாமல் வழக்காடினார். அவர் மறைந்தபின், 2018-இல், குடும்பத்தின் சம்மதத்தோடு வெளிவந்தது.”

‘சர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்’ பக்கத்துக்கு மட்டும் நான்காவதாக ஒரு வரி வேண்டும். அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸை அமெரிக்காவில் யாருக்கும் தெரியாது, தென்னாப்பிரிக்காவில் மட்டும் அவர் கடவுள், அவருக்கே அது தெரியாது என்று விரிகிற அழகான படம். 2013-இல் ஆஸ்கரும் வாங்கியது. அதன் பக்கத்தில் இப்படி இருக்கட்டும்: “ரோட்ரிகஸ் 1979-இலும் 1981-இலும் ஆஸ்திரேலியாவில் கச்சேரிச் சுற்றுப்பயணம் செய்திருக்கிறார். இப்படத்தில் அது இடம்பெறவில்லை.”

இப்படிக்கு,
இசை ஆவணப்படங்களின் தொகுப்பிலும் ஒலியிலும் வசன வரியிலும் வேலை செய்வோர் சிலர்